தொப்பிக்காரனுக்குக் கஷ்டம் போதவில்லை

லிஃப்ட்காரர் தன் மனைவியை முதன்முதலாகப் பார்த்தபோது அவருக்கு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. காரணம் காதல் அல்ல. கண்ணில் பவர் ஏறியிருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கத்து இருட்டறையில், கனமான இரும்புச் சட்டம் ஒன்றை அவர் மூக்கின்மேல் மாட்டி, அதில் வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகி எடுத்துக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்: "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?"

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு."

"சரி, இப்போ?"

"இதுவும் அப்படித்தான்."

வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். அவள் அலுத்துக்கொள்ளவில்லை. மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எது தெரியுதுன்னு உங்களுக்கே தெரியலை. நானே பார்த்து எழுதிடறேன்," என்றாள். அவள் எழுதிக்கொடுத்த கண்ணாடி அச்சாகப் பொருந்தியது. அடுத்த வருஷம் இருவருக்கும் கல்யாணம். நீங்கள் போய்ப் பெண் கேட்டீர்களா, அவள்தான் முடிவு செய்தாளா என்று யாராவது விசாரித்தால், லிஃப்ட்காரர் இன்றைக்கும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏதோ நடந்துச்சு," என்பார்.

வேலையில் அவர் அப்படி இல்லை. நகரத்தின் ஒரு பக்கத்தில் இருக்கும் அடுக்குமாடி வீடுகள், இரண்டு கிளினிக், ஒரு துணிக்கடைக் கட்டடம், இவற்றின் லிஃப்டுகளெல்லாம் அவர் பொறுப்பு. லிஃப்ட் நின்றுபோனால் பாதி நாள் பெரிய கோளாறு எதுவும் இருக்காது. கதவு ஓடுகிற பள்ளத்தில் ஒரு சட்டைப் பொத்தான் விழுந்திருக்கும், அல்லது யாரோ மிதித்துப்போட்ட பாட்டில் மூடி. கதவு முழுசாக மூடாது. கதவு மூடாவிட்டால் லிஃப்ட் நகராது. முட்டி போட்டு உட்கார்ந்து கம்பியால் கிண்டி எடுத்துவிட்டு, பள்ளத்தைத் துணியால் துடைத்துவிட்டு எழுந்து வருவார். ஓடுகிறபோது ஒருவரும் லிஃப்டை நினைக்கக் கூடாது, பேசிக்கொண்டே ஏறிப் பேசிக்கொண்டே இறங்க வேண்டும், அதுதான் நல்ல லிஃப்ட் என்பது அவர் கட்சி. மனிதர்களுக்குச் சிரமம் இல்லாமல் செய்வதையே பிழைப்பாக வைத்திருந்த அந்த மனிதருக்குத்தான் வீட்டில் இப்படி ஒன்று வந்து சேர்ந்தது.

மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபோது தன் பழைய கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். ஒரு சாயங்காலம் ஏதோ சான்றிதழை அனுப்பச் சொல்லி அவள் போன் செய்ய, அம்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சொன்ன இடத்தில் அழுத்தாமல் பக்கத்தில் அழுத்திவிட்டாள். திரை முழுக்கப் பனி கொட்டியது. நடுவில் ரோமத் தொப்பி வைத்த ஒரு ஆள் கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான்.

"யாருடி இவன், பனியில உட்கார்ந்திருக்கான்?"

"அது கேம்மா. காட்டுல தனியா மாட்டிக்கிட்டவன். விட்டுடு, கொஞ்ச நேரத்துல செத்துடுவான்."

"ஏன் சாகணும்?"

"குளிரும்மா. தீ மூட்டணும், தண்ணி காய்ச்சணும், சாப்பாடு தேடணும். நான் எவ்வளவோ தடவை ஆடிப் பார்த்துட்டேன், பொழைக்க மாட்டான். நீ அந்த ஃபைலை அனுப்பு."

ஃபைல் மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது. லிஃப்ட்காரர் வேலை முடிந்து வந்து பார்த்தபோது, சமையலறையில் அடுப்பு பற்றவைக்கப்படவில்லை; கம்ப்யூட்டருக்குள் பற்றவைக்கப்பட்டிருந்தது. மனைவி முகத்தில் அந்த வெளிச்சம் ஆடியது. "ஏங்க, பொழைச்சுக்கிட்டான்," என்றாள். யாருக்கோ உடம்பு சரியில்லாமல் இருந்ததை இத்தனை நாள் தன்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டாளோ என்று அவர் பதறிவிட்டார்.

அன்றிலிருந்து அவன் அந்த வீட்டில் ஒரு ஆள் ஆனான். தொப்பிக்காரன் என்று பேர். கடை விட்டு வந்ததும் அவள் முகம் கழுவிக்கொண்டு, டீயோடு அவன் எதிரில் உட்காருவாள். முதலில் தினமும் செத்தான். ஓநாய் கடித்துச் செத்தான், கெட்டுப்போன மீனைத் தின்று செத்தான், செங்குத்துப் பாறையில் சறுக்கி விழுந்து செத்தான். ஆனால் ஒரு தடவை செத்த மாதிரி மறு தடவை சாகவில்லை. கடையில் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிற அதே பொறுமை. கொஞ்ச காலத்தில் தொப்பிக்காரனுக்கு ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசை அமைந்தது. குடிசைக்குள் கூரை முட்ட விறகு, கயிற்றில் காய்ந்த இறைச்சி, தோலால் தைத்த கோட்டு, அது போதாதென்று இன்னொரு கோட்டு.

லிஃப்ட்காரருக்கு நிம்மதியாக இருந்தது. நல்ல விஷயம்தானே, ஒருத்தன் செட்டில் ஆகிவிட்டான். இனி மனைவி கொஞ்சம் எழுந்து வருவாள் என்று எதிர்பார்த்தார்.

அவள் எழுந்து வரவில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "இவனுக்கு இப்போ என்னங்க கஷ்டம்?" என்றாள். "பணக்காரன் மாதிரி தூங்கறான்."

"தூங்கட்டுமே."

அவள் தொப்பிக்காரனை எழுப்பி, வெளியே கூட்டிப்போய், அவன் கத்தியை ஏரியில் போட வைத்தாள். அடுத்த நாள் மேப் போயிற்று. அதற்கடுத்து, பகலில் தீ மூட்டக் கூடாது என்று ஒரு சட்டம். மாமிசம் கிடையாது, கிழங்கும் பட்டையும் மட்டும் என்று இன்னொரு சட்டம். இதையெல்லாம் யார் சொன்னார்கள், விளையாட்டில் அப்படி இருக்கிறதா என்று கேட்டதற்கு, "விளையாட்டுல இல்லை. நான்தான்," என்றாள்.

ஒரு நாள் அவர் வந்து பார்த்தால், திரையின் இடது மூலையில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டர் உடைந்துவிட்டது என்று நினைத்துக் கருவிப் பையைத் திறந்துவிட்டார்.

"அதைத் தொடாதீங்க. அங்கதான் கோடு தெரியும். பசி இவ்வளவு, குளிர் இவ்வளவு, களைப்பு இவ்வளவுன்னு. நமக்கெல்லாம் கண்ணு ஓரத்துல அப்படி ஒரு கோடு ஓடுதா என்ன?"

"இல்லை."

"அப்போ இவனுக்கு மட்டும் எதுக்கு?"

அவள் சொன்னது நியாயம் மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த நியாயத்தின் வால் எங்கே, தலை எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஒரு மனிதன் கஷ்டத்திலிருந்து தப்பித்து வந்து நிம்மதியாகத் தூங்குகிறான், அவனைத் தட்டி எழுப்பிக் கத்தியைப் பிடுங்குவானேன்? அதுவும் இவளா? மழை பெய்தால் மாடிப்படிக்குக் கீழே ஒதுங்குகிற பூனைக்குச் சாக்கு விரித்துவிடுகிறவள்.

மறுநாள் துணிக்கடைக் கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்று எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்கிறவனிடம் வாயைக் கொடுத்தார். அவன் பேர் டார்ச். எந்த நேரமும் கையில் டார்ச் வைத்திருப்பதால் வந்த பேர். எல்லாம் கேட்டுவிட்டு அவன் வெளிச்சத்தைக் கீழே தாழ்த்தினான்.

"அண்ணே, இது விளையாட்டு சமாசாரம் இல்லை. அண்ணிக்கு வீட்ல ஏதோ குறை. வாய்விட்டுச் சொல்ல முடியலை, அதான் இப்படிக் காட்டறாங்க."

"என்ன குறை?"

"அதை நான் எப்படிச் சொல்றது? உங்க வீடு."

அன்று முழுக்க அந்தக் குறை என்னவாக இருக்கும் என்று மண்டையைக் குடைந்துகொண்டார். சொட்டிக்கொண்டிருந்த குழாய் நினைவுக்கு வந்தது. இழுத்தால் வராத அலமாரிக் கதவு. படுக்கையறையில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் எரிகிற விளக்கு. ஊருக்கெல்லாம் கதவு சரி செய்கிறவன் வீட்டில் கதவு இப்படி இருந்தால் அவள் காட்டுக்குள் போய் உட்காராமல் என்ன செய்வாள் என்று தன்னையே நொந்துகொண்டு, அந்த வார விடுமுறையில் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார். ரொட்டியும் முட்டையும் வாங்கி வந்து இரவுச் சாப்பாடு தன் பொறுப்பு என்றார். பாத்திரம் கழுவினார். கம்ப்யூட்டர் நாற்காலிக்கு ஒரு பஞ்சு மெத்தை போட்டார்.

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கிட்ட வந்து நெற்றியில் புறங்கையை வைத்தாள். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"இல்லையே."

"டாக்டர் ஏதாவது சொன்னாரா? மறைக்காதீங்க."

"உனக்குக் கஷ்டம் இல்லாம இருக்கட்டும்னுதான்."

"எனக்கு என்ன கஷ்டம்?" என்றாள் அவள். மெத்தையை எடுத்துக் கட்டிலில் போட்டாள். "இதுல உட்கார்ந்தா தூக்கம் வருது."

ஆக அதுவும் இல்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது அவருக்கு. காட்டில் இருப்பதோ அவள்.

இதற்கிடையில் மகள் போனில் ஒரு செய்தி சொன்னாள். அந்த விளையாட்டைச் செய்கிற கம்பெனி அடுத்த பதிப்புக்கு யோசனை கேட்டிருக்கிறது: ஆட்டத்தை இன்னும் கடினமாக்க என்ன செய்யலாம், ஆடுகிறவர்களே எழுதுங்கள் என்று. "நீ சொல்லும்மா, நான் எழுதி அனுப்பறேன்." அன்று சாயங்காலம் மனைவி போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். லிஃப்ட்காரர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"முதல்ல அந்தக் கோடெல்லாம் வேண்டாம். பசிச்சா வயிறு சத்தம் போடட்டும், குளிர்ந்தா கை நடுங்கட்டும். அதைப் பார்த்து நாமதான் கண்டுபிடிக்கணும். அப்புறம் கண்ணு. பனி வெளிச்சத்தையே பார்த்துக்கிட்டு நடந்தா கண்ணு கூசும், எரியும், கடைசில பார்வை மங்கிப்போகும். இவன் வருஷக்கணக்கா நடக்கறான், ஒரு தடவை கண்ணைக் கசக்கினதில்லை. எங்க கடைக்கு வந்தா நான் நம்பவே மாட்டேன்."

"சரி, கண்ணு. அப்புறம்?"

"மேப்ல எல்லாத்துக்கும் புள்ளி வெச்சுக் காட்டறாங்களே, அது கூடாது. அவனே வரையட்டும். களைப்பா இருக்கும்போது வரைஞ்சா கோடு தப்பாப் போகட்டும். தப்பு மேப்பை நம்பிப் போய் மாட்டட்டும். ஓநாய் இருக்கே, அது தீப்பந்தத்தைக் காட்டினா ஓடுது. சரி. எத்தனை தடவை ஓடும்? அதுக்கும் மூளை இருக்குல்ல. ஒரு நாள் ஓடாம நின்னு பார்க்கட்டும்."

"அம்மா, நீ ரொம்ப மோசம்."

"நனைஞ்ச பூட்ஸ் ஒரே ராத்திரியில காயுது, அதையும் எழுது."

லிஃப்ட்காரர் பிரஷை நிறுத்தினார். இவ்வளவு யோசனைக்கும் நடுவில் தன் பங்குக்கு ஒன்றாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "அவனுக்குத் துணைக்கு ஒரு ஆளைக் கொடுக்கலாமே. பாவம், தனியாவே இருக்கான்."

மனைவி, "கடினமாக்கறதுக்குக் கேட்கறாங்க. துணை வந்தா எளிசாயிடும்," என்றாள்.

போனை வைத்த பிறகு அவர் நேரடியாகவே கேட்டார். "எளிசா இருந்தா உனக்கு என்ன?"

அவள் மேஜையில் உதிர்ந்திருந்த பாலிஷ் துணுக்கை விரலால் ஒதுக்கினாள். "எளிசா இருந்தா அவன் உயிரோட இருக்கான்கறதே எனக்கு மறந்துபோகுதுங்க," என்றாள்.

அவர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். ஓடுகிற லிஃப்டை யாரும் நினைக்கக் கூடாது என்று தான் சொல்வதற்கு இது எதிரா, இல்லை அதே பேச்சுதானா என்று படுத்த பிறகும் புரட்டிப் பார்த்தார். விளங்கவில்லை.

கடைசியாக அவள் வைத்த சட்டம்தான் பெரியது. ஒரே உயிர். செத்தால் தீர்ந்தது, குடிசை, கோட்டு, சேர்த்ததெல்லாம் அழிந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தச் சட்டத்தோடு, கத்தியும் மேப்பும் இல்லாமல், மூலையில் பிளாஸ்திரியோடு, தொப்பிக்காரன் ஒரு முழுக் குளிர்காலத்தைத் தாண்டி இன்னொன்றின் நடுவில் இருந்தான். கடையில் கூட வேலை செய்கிறவர்கள், "அக்கா, இன்னைக்கும் இருக்கானா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்குவார்களாம்.

ஒரு சாயங்காலம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மொட்டைமாடியில் துணி. அவள் எழுந்தாள்.

"இவனைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க. வெளியே பனிப்புயல், குடிசைக்குள்ள தீ எரிஞ்சுக்கிட்டிருக்கு. ஒண்ணும் தொட வேண்டாம். தீ ரொம்பச் சிவந்துபோனா மட்டும் ஒரு கட்டை போடுங்க. இந்த ஒரு பட்டன்."

"இதுவா?"

"அதுதான். வேற எதையும் தொடாதீங்க."

லிஃப்ட்காரர் உட்கார்ந்தார். தீ எரிந்தது. தொப்பிக்காரன் முதுகைக் காட்டிக்கொண்டு அதன் முன்னால் குந்தியிருந்தான். கொஞ்ச நேரம் இருவரும் சும்மா இருந்தார்கள். பிறகு தீ சிவந்தது. ரொம்பச் சிவப்பா, சாதாரணச் சிவப்பா என்று அவருக்குச் சந்தேகம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். பட்டனை அழுத்தினார்.

திரையில் ஏதோ எழுத்து வந்து ஒரு கேள்வி கேட்டது. படித்து முடிப்பதற்குள் அது போய்விடுமோ என்ற பயத்தில் மறுபடி அழுத்தினார். தொப்பிக்காரன் எழுந்து நின்றான். உட்கார வைக்கலாம் என்று பக்கத்துப் பட்டனை அழுத்த, அவன் சுவரைப் பார்த்துத் திரும்பினான். சுவரிலிருந்து திருப்பலாம் என்று இன்னொன்றை அழுத்த, கதவு திறந்தது. வெள்ளையாக ஒரு இரைச்சல் உள்ளே வந்தது. கதவைச் சாத்தலாம் என்றுதான் அடுத்ததை அழுத்தினார். கதவு சாத்திக்கொண்டது. தொப்பிக்காரன் அதற்கு வெளியே நின்றான்.

அங்கிருந்து குடிசை எங்கே போயிற்று என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. திரும்பினால் பனி. மறுபடி திரும்பினால் அதே பனி. வாழ்நாளெல்லாம் லிஃப்டில் இருந்தவர். லிஃப்டுக்கு மேலே, கீழே என்று இரண்டே திசைதான், தொலைந்துபோக வழியே கிடையாது. இப்போது எந்தப் பக்கம் அழுத்தினாலும் அவன் நம்பிக்கையோடு அந்தப் பக்கம் நடந்தான், அதுதான் அவரை இன்னும் கலக்கியது. மரங்களில் முட்டினான். ஒரு சரிவில் இறங்கினான். பிறகு மரமே இல்லாத சமமான வெளி ஒன்று வந்தது. அப்பாடா, இங்கே முட்ட எதுவும் இல்லை என்று அவர் மூச்சு விட்டார். காலடியில் பனிக்கட்டி பலகை பிளக்கிறாற்போலச் சத்தம் போட்டது. திரை நீலமாகி, கறுத்து, ஒரு வரி எழுத்து மட்டும் மிஞ்சியது. அதைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை.

மனைவி துணிக்கூடையோடு உள்ளே வந்தாள்.

"அவன் வெளியே போயிட்டான்," என்றார்.

"யாரு?"

"தொப்பிக்காரன்."

அவள் திரையைப் பார்த்தாள். "அவனாவே போனானா?"

லிஃப்ட்காரர் மவுஸை மெல்லத் தள்ளி வைத்தார்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"கூடத்தான் இருந்தேன்."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "குடிசையை விட்டு வந்ததும் எந்தப் பக்கம் திரும்பினீங்க? வலதா, இடதா?"

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருந்துச்சு."

அவள் கூடையை மறுபடி எடுத்தாள். அறைக்கு அறை கயிறு கட்டி ஈரத்துணியை உலர்த்தினாள். சாப்பிடும்போது உப்பை எடுத்துக் கொடுத்தாள், அவர் கேட்காமலே. இது கோபமா, துக்கமா, இரண்டும் இல்லையா? திட்டினால் ஒரு வழியாகத் தெரிந்துபோகும். திட்டவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. இத்தனைக்கும் செத்தவன் யார்? ஒருவனும் இல்லை. இருந்தாலும் அந்த வீட்டில் ஒரு ஆள் குறைந்த மாதிரி இருந்தது, அதுவும் தன் கையால் என்பதை நினைத்தபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஐந்தாவது மாடியில் பார்க்க வேண்டிய கதவை நான்காவது மாடியில் பிரித்துப் போட்டுவிட்டு, திருதிருவென்று விழித்தார். மத்தியானம் மகளுக்குப் போன் செய்தார். அவர் பாதி சொல்வதற்குள் அந்தப் பக்கம் சிரிப்பு.

"தெரியும்பா. அம்மா காலையிலேயே போன் பண்ணிட்டாங்க."

"கோபமா இருக்காளா?"

"அது தெரியலை. ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாங்க. குடிசைக்கும் ஏரிக்கும் நடுவுல ஓநாய்க் குகை இருக்காம். புயல்ல அதைத் தாண்டி யாராலயும் அந்த உறைஞ்ச ஏரிக்குப் போக முடியாதாம். உங்கப்பா எப்படிடி போனாருன்னு கேட்கறாங்க. எப்படிப்பா போனீங்க?"

"எனக்கு ஓநாய் எதுவும் தெரியலையே."

"அம்மாகிட்ட இதைச் சொல்லாதீங்க," என்று மகள் மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள்.

அவர் போனை வைத்துவிட்டு, தான் ஏதோ சாதித்திருக்கிறோமா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு அந்த நினைப்புக்காக வெட்கப்பட்டார்.

அன்று வீட்டுக்குப் போனபோது கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. திரையில் புதிதாக ஒரு தொப்பிக்காரன் கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு நடுங்கினான்.

"உட்காருங்க," என்றாள் மனைவி.

"நான் எதுக்கு?"

"காட்டுல பகல் நான். ராத்திரி ஆனா நீங்க."

"எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே."

"அதுக்குத்தான்."

அவர் உட்காராமல் நின்றார். அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிவிட்டுச் சொன்னாள்: "எத்தனை மாசமா யோசிக்கறேன். கத்தியை எடுத்தேன், மேப்பை எடுத்தேன், பிளாஸ்திரி ஒட்டினேன். எல்லாம் நானே வெச்ச கஷ்டம். எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்னு எனக்கு முன்னாடியே தெரியும். நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க. துணை வந்தா எளிசாயிடும்னு நான் சொன்னது தப்பு."

"இது பாராட்டா, திட்டா?"

"பொழுது சாயுது பாருங்க. விறகு அங்க இருக்கு."

இப்படியாக லிஃப்ட்காரர் காட்டுக்குள் போனார். ஒவ்வொரு ராத்திரியும் அவர் கையில் தொப்பிக்காரன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. தீக்குச்சிகளை ஒன்றுவிடாமல் கிழித்துத் தீர்த்தார். பச்சை மீனைத் தின்ன வைத்து வாந்தி எடுக்க வைத்தார். காட்டில் விடிந்ததும் மனைவி வந்து பொறுப்பேற்றுக்கொண்டு, உடைமைகளைச் சரிபார்ப்பாள்.

"என்னங்க, ஒரு பூட்ஸ்தான் இருக்கு?"

"இன்னொண்ணு எரிஞ்சிருக்கும்னு நினைக்கறேன்."

"எரிஞ்சுதா, எரிச்சீங்களா?"

"விறகுன்னு நினைச்சேன்."

அவள் தலையில் கை வைத்துக்கொள்வாள். ஆனால் ஒற்றைக் காலை இழுத்து இழுத்து நடக்கிற தொப்பிக்காரனை அடுத்த பொழுது சாய்வதற்குள் எப்படியாவது தேற்றிவிடுவதற்கு அவள் படுகிற பாட்டைப் பார்த்தால், கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவள் மாதிரியே இருக்காது. சாப்பிடும்போதும் அதே பேச்சு. குகைக்கு வடக்கே போயிருக்கக் கூடாது, நீங்கள் ஏன் போனீர்கள்; வடக்கு எது என்று நீ சொல்லவே இல்லையே. மகள் போன் செய்தால் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் புகார் சொன்னார்கள். அவன் செத்தான், மறுபடி நடுங்கிக்கொண்டு வந்தான், மறுபடி செத்தான்.

கம்பெனியிடமிருந்தும் பதில் வந்தது. மகள் படித்துச் சொன்னாள். கோடுகளை மறைக்கிற யோசனையை அடுத்த பதிப்பில், வேண்டுகிறவர்கள் மட்டும் எடுத்துக்கொள்கிற மாதிரி வைக்கப்போகிறார்களாம். கண் கூசுவது பரிசீலனையில் இருக்கிறதாம். "அப்புறம் அம்மா கடைசியா ஒண்ணு எழுதச் சொன்னாங்களே, ராத்திரியில வீட்டுக்காரர் ஆடணும்னு. அதை எப்படி ப்ரோக்ராம் பண்றதுன்னு அவங்களுக்குத் தெரியலையாம்பா."

அதை எதற்காக அவர்களுக்கெல்லாம் எழுதினாள் என்று லிஃப்ட்காரருக்குப் புரியவில்லை. ஊர் பேர் தெரியாத ஒரு ஆபீஸில் தன்னைப் பற்றி உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. டார்ச்சிடம் சொல்லலாமா என்று பார்த்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

பிரச்சினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. எவ்வளவு மக்காக இருந்தாலும் கைக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. எந்தச் சிவப்பு ரொம்பச் சிவப்பு என்று அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே நிற்கப் பழகினார். பனியை உருக்கித் தண்ணீர் காய்ச்சி, மிச்சத்தைக் குடுவையில் ஊற்றி வைத்தார். ஒரு நாள் காட்டில் விடிந்தபோது மனைவி கணக்குப் பார்த்தாள். விறகு இருந்தது. இரண்டு பூட்ஸும் இருந்தன, அதுவும் உலர்ந்து.

"தேறிட்டீங்க," என்றாள்.

அந்தச் சொல்லில் இருந்தது சந்தோஷம் இல்லை. அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கூரை முட்ட விறகு சேர்ந்த அன்றைக்கு அவள் முகம் எப்படித் தொங்கியதோ, ஏறக்குறைய அப்படி இருந்தது.

"என் தம்பியைக் கூப்பிட்டு ஒரு வாரம் உட்கார வைக்கலாமான்னு பார்க்கறேன்," என்றாள் கொஞ்சம் பொறுத்து. "அவனுக்கு மவுஸ் பிடிக்கவே தெரியாது."

லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்றது. ஏன் சுருக்கென்றது என்றும் தெரியவில்லை. மச்சான் நல்ல மனிதன்தான். வந்தால் வரட்டுமே, இவருக்கும் சாயங்காலம் காலை நீட்டிப் படுக்க நேரம் கிடைக்கும். ஆனால் அந்த நாற்காலியில் இன்னொருவன் உட்கார்ந்து, "என்னக்கா, இது விறகா?" என்று கேட்பதை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் வேலை நேரமெல்லாம் இதே யோசனை. தெரியாத மாதிரி ஆடிவிட்டால் என்ன? கதவைத் திறந்து போட்டுவிடலாம். ஒரு பூட்ஸை அடுப்பில் தள்ளலாம். அவள் தலையில் கை வைத்துக்கொள்வாள், தம்பி பேச்சும் அடங்கும். ஆனால் வேண்டுமென்றே செய்தால் அது அவளுக்குத் தெரிந்துவிடாதா? அவருக்கு எது தெரிகிறது என்பதை அவரைவிட முன்னால் கண்டுபிடிக்கிறவள் ஆயிற்றே. தெரிந்தால் வருத்தப்படுவாளா, அதுவும் ஒரு கஷ்டம் என்று சேர்த்துக்கொள்வாளா? நன்றாகவே ஆடினால் தோற்கிறார். மோசமாக ஆடினால் பொய்யாகிறது. இரண்டு வழியிலும் போக முடியாத ஒரு கதவுக்கு முன்னால் அவர் இதுவரை நின்றதில்லை.

அன்று காட்டில் பொழுது சாய்ந்தது. மனைவி மவுஸை அவர் பக்கம் நகர்த்தினாள். குடிசை தூரத்தில் இருந்தது, நடுவழி, பனி கனமாக விழுந்துகொண்டிருந்தது. ஓநாய் ஒன்று மரங்களுக்கு இடையில் நின்றது. அவர் இன்னும் ஒரு முடிவுக்கும் வரவில்லை. ஆனால் ஓநாய் காதைப் பின்னால் மடக்கியதும் யோசனையெல்லாம் எங்கோ போய்விட்டது. தீப்பந்தத்தைப் பற்றவைத்தார். பாறையில் முதுகைக் கொடுத்து நின்றார். ஓநாய் சுற்றியது, அவரும் கூடவே திரும்பினார். பந்தம் அணையும் முன் இன்னொன்றைக் கொளுத்திக்கொண்டார். அப்படியே பின்னால் நடந்து நடந்து, குடிசைக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, உள்ளே போய்ச் சாத்தினார். தொப்பிக்காரன் உயிரோடு இருந்தான். அது மறக்கக்கூடியதாக இல்லை.

பிறகுதான் பக்கத்தில் மனைவி இருப்பது நினைவுக்கு வந்தது. கெடுத்துவிட்டேன், ஒழுங்காக ஆடித் தொலைத்துவிட்டேன் என்று நினைத்து மெல்லத் திரும்பினார்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை விட்டுப் பாதி எழுந்திருந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். "தம்பி வேண்டாம்," என்றாள்.

"சரி," என்றார் அவர், எதற்காக என்று கேட்காமல்.

"ஆனா இப்படியே விட முடியாது." அவள் மவுஸை எடுத்து அவருக்கு இடது பக்கம் வைத்தாள். "நாளையிலேர்ந்து இடது கையால ஆடுங்க."

மறுநாள் கிளினிக் கட்டடத்தில், லிஃப்டுக்குள் விளக்கு மூடியின் திருகை லிஃப்ட்காரர் இடது கையால் முடுக்கிக்கொண்டிருந்தார். ஸ்க்ரூடிரைவர் இரண்டு தடவை நழுவிக் கீழே விழுந்தது. டார்ச் குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

"வலது கைக்கு என்ன அண்ணே ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன்?"

லிஃப்ட்காரர் கொஞ்சம் யோசித்தார். "தெரியலைப்பா. வீட்ல சொன்னாங்க," என்று திருகைத் தேடினார்.